சட்டியில் இருப்பதே அகப்பையில் வரும்

(எச்.டி. டி.வி.யில் சாதாரண சேனல் மங்கலாகத் தெரிவது ஏன்? வணிகர்களுக்கு ஒரு பாடம்)

எடைக்கல் முத்திரை, பொட்டலப் பொருள் விதிகள், ஜி.எஸ்.டி. கணக்கு என்று நம் தொழிலுக்கு வேண்டிய விஷயங்களை இந்தப் பக்கத்தில் பாடமாகப் பார்த்து வருகிறோம். இம்முறை டி.வி. பெட்டியை எடுத்துக் கொள்கிறோம். மளிகைக் கடைக்கும் டி.வி.க்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் நான்கு வகையில் இருக்கிறது. கடையில் ஒரு டி.வி. மாட்டியிருக்கிறோம். வீட்டில் ஒன்று வைத்திருக்கிறோம். நம்மில் சிலர் டி.வி.யையே விற்கிறோம். பண்டிகை நெருங்கினால் உள்ளூர் கேபிளில் விளம்பரமும் கொடுக்கிறோம். நான்கிலும் நம் கைக்காசு போகிறது. ஆகவே விஷயத்தைத் தெரிந்து கொள்வது நல்லது.

கூடுவாஞ்சேரி, நந்திவரம், ஊரப்பாக்கம் பக்கம் புதுக் குடித்தனங்கள் பெருகி விட்டன. புது வீடு என்றால் புது டி.வி. அதிலும் பெரிய டி.வி. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. அதுவரை 32 அங்குலத்தோடு நின்றவர்களும் 43, 55 என்று கேட்க இது ஒரு காரணம். வாங்கிக் கொண்டு போன மறுநாளே வரும் புகார் ஒன்று இருக்கிறது: "புது டி.வி.யில் படம் சரியில்லை. பழைய டி.வி.யே தேவலாம்."

வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை. கடைக்காரர் கெட்ட பெட்டியைத் தள்ளி விடவும் இல்லை. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க, நடுவில் மனஸ்தாபம் மட்டும் வந்து விடுகிறது. சிலர் பெட்டியைத் திருப்பித் தருகிறார்கள். சிலர் இன்னும் விலை கூடிய பெட்டியை வாங்கி அதிலும் ஏமாறுகிறார்கள். குற்றம் எங்கே என்று தெரிந்தால் இந்த நஷ்டம் இல்லை.

புள்ளிக் கணக்கு

டி.வி. படம் என்பது ஒரு புள்ளிக் கோலம். புள்ளி நெருக்கமாக இருந்தால் கோலத்தில் நுணுக்கம் அதிகம்.

நம் நாட்டு சாதாரண ஒளிபரப்பு, அதாவது எஸ்.டி., 625 வரி முறையில் வந்தது. அதில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. டிஜிட்டல் ஆன பிறகு இதை 720-க்கு 576 புள்ளி என்று கணக்கிடுகிறார்கள். பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். முழு எச்.டி. என்பது 1920-க்கு 1080. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். இது எஸ்.டி.யைப் போல் சரியாக ஐந்து மடங்கு. 4 கே என்று விற்கும் பெட்டியில் 3840-க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். இது சரியாக இருபது மடங்கு. 32 அங்குலத்தில் அதிகம் விற்கும் 'எச்.டி. ரெடி' பெட்டிகளில் பெரும்பாலும் 1366-க்கு 768 இருக்கும். அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். முழு எச்.டி. திரையில் இருபது லட்சத்துக்கு மேல் புள்ளி. கேபிளில் வருவதோ நான்கு லட்சத்துச் சொச்சம். மீதியை யார் தருவது? டி.வி.யே ஊகித்து நிரப்புகிறது. இடப்பக்கப் புள்ளி கறுப்பு, வலப்பக்கப் புள்ளி வெள்ளை என்றால் நடுவில் சாம்பல் நிறம் வைக்கிறது. அதனால்தான் புடவைச் சரிகையின் ஓரம், மைதானத்துப் புல், கூட்டத்தில் உள்ள முகங்கள் எல்லாம் குழைந்து போகின்றன. நல்ல பெட்டி கெட்டிக்காரத்தனமாக ஊகிக்கும். மட்டமான பெட்டி முரட்டுத்தனமாக ஊகிக்கும். இரண்டுமே ஊகம்தான்.

நம் பாஷையில் சொன்னால், இது ஒரு லிட்டர் பாலில் நான்கு லிட்டர் தண்ணீர் விடுவது. 4 கே பெட்டி என்றால் பத்தொன்பது லிட்டர் தண்ணீர். கலக்குகிறவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் பால் என்னவோ ஒரு லிட்டர்தான்.

பழைய பெட்டியில் மட்டும் நன்றாகத் தெரிந்ததே?

இது நியாயமான கேள்வி. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், பெட்டியின் வேலை முறை. பிக்சர் டியூப் டி.வி. 625 வரி முறைக்கென்றே செய்யப்பட்டது. வந்ததை வந்தபடி போட்டது. அதில் ஒவ்வொரு புள்ளியும் ஓரத்தில் சற்றுக் கரைந்து பக்கத்துப் புள்ளியோடு ஒட்டிக் கொள்ளும். படத்தில் உள்ள சிறு குறைகளை அந்தக் கரைசல் பூசி மறைத்தது. இன்றைய எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் கட்டம் போட்டது போல் தனித்து நிற்கும். நிறையும் பளிச்சென்று தெரியும், குறையும் பளிச்சென்று தெரியும். வெள்ளை வேட்டியில் கறை எடுப்பாகத் தெரிவது போலத்தான்.

இரண்டாவது காரணம், பாதிப் படங்கள். எஸ்.டி.யில் ஒரு வினாடிக்கு 50 பாதிப் படங்கள் வரும். முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். பிக்சர் டியூப் அதை அப்படியே மாற்றி மாற்றி வரைந்தது. புதுத் திரை அப்படி வரையாது. இரண்டு பாதியையும் சேர்த்து ஒரு முழுப் படம் ஆக்கிய பிறகே காட்டும். ஓடுகிற பஸ், பந்தைத் துரத்துகிற ஆட்டக்காரர் என்று வேகமாக நகர்வதைச் சேர்க்கும்போது ஓரத்தில் சீப்புப் பல் போலத் தெரிவது இதனால்தான்.

மூன்றாவது காரணம்தான் பெரிது. அது பெட்டியின் அளவும் நாம் உட்காரும் தூரமும். 2006 முதல் 2011 வரை தமிழக அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி 14 அங்குலம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் அதில்தான் படம் பார்த்தார்கள். அதே 576 வரியை 14 அங்குலத்தில் அடுக்கினால் நெருக்கமாக நிற்கும். 43 அங்குலத்தில் அடுக்கினால் இடைவெளி விரியும்.

எத்தனை அடியில் உட்கார வேண்டும்?

நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரையில்தான் இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். அதற்கும் நெருங்கி விட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். இந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டால், எஸ்.டி. படத்தின் குறை கண்ணுக்குத் தெரியாமல் போகும் தூரம் கிடைக்கிறது.

14 அங்குலப் பழைய பெட்டி: சுமார் 4 அடி
21 அங்குலப் பழைய பெட்டி: சுமார் 6 அடி
24 அங்குலப் புதுப் பெட்டி: சுமார் 6 அடி
32 அங்குலம்: சுமார் 8 அடி
43 அங்குலம்: சுமார் 10½ அடி
55 அங்குலம்: சுமார் 13½ அடி

மனப்பாடம் செய்ய எளிய வழி ஒன்று உண்டு. புது வகை அகலத் திரையில் எஸ்.டி. பார்ப்பதானால் அங்குலத்தை நான்கால் வகுக்க வேண்டும். வருவது அடிக்கணக்கு. முழு எச்.டி. பெட்டியில் எச்.டி. சேனல் பார்ப்பதானால் அங்குலத்தை எட்டால் வகுத்தால் போதும்.

நம் பக்கத்து அடுக்குமாடி வீட்டு ஹாலில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே எட்டு அடி இருந்தால் அதிகம். அங்கே 55 அங்குலப் பெட்டியை மாட்டி எஸ்.டி. சேனல் போட்டால் படம் எப்படி இருக்கும் என்பதை மேலே உள்ள கணக்கே சொல்லி விடும். பெட்டி மேல் பழி போட வேண்டியதில்லை.

லாரியில் அதிக மூட்டை

புள்ளி எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்க, அந்தப் புள்ளிகளும் முழுசாக வருவதில்லை. செயற்கைக்கோள் வழியோ கேபிள் வழியோ, பாதையின் கொள்ளளவு ஓர் அளவுக்கு உட்பட்டது. வாடகை லாரி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரே வாடகையில் அதிக மூட்டை ஏற்றினால் மூட்டைக்கு ஆகும் செலவு குறையும். அதனால் சேனல்களை அமுக்கி அமுக்கி ஏற்றுகிறார்கள். இந்த அமுக்கும் முறைக்கு எம்பெக் என்று பெயர். எம்பெக்-2 பழையது, எம்பெக்-4 அதைவிடத் திறமையானது. கண் அதிகம் கவனிக்காது என்று தோன்றும் விவரங்களைக் கழித்து விட்டு மிச்சத்தை அனுப்புவதுதான் இதன் வேலை. சில சேனல்களில் அகலத்து 720 புள்ளியையும் குறைத்து அனுப்புவது உண்டு.

செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கழிவு தெரியாது. மழைக்காட்சி, தேர்த் திருவிழாக் கூட்டம், வாணவேடிக்கை, கிரிக்கெட் மைதானம் என்று நுணுக்கமும் வேகமும் சேர்ந்து வரும்போது படம் சின்னச் சின்னக் கட்டமாக உடையும். பழைய 14 அங்குலப் பெட்டியில் கடுகளவு இருந்த கட்டம் 43 அங்குலத்தில் துவரம்பருப்பு அளவாகி விடுகிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்து கொள்ள வேண்டும். படம் எப்போதும் ஒரே மாதிரி மென்மையாக, மங்கலாக இருந்தால் அது எஸ்.டி.யின் இயல்பு. படம் திடீரென்று உறைந்து, பெரிய பெரிய கட்டமாகி, சத்தமும் விட்டு விட்டு வந்தால் அது சிக்னல் கோளாறு. வயர் முனை துருப்பிடித்திருக்கலாம், டிஷ் நகர்ந்திருக்கலாம், மழை மேகம் மறைத்திருக்கலாம். முன்னதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பயனில்லை. பின்னதற்குக் கட்டாயம் கூப்பிட வேண்டும்.

நாம் வந்த வழி

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1982-இல் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. மொட்டை மாடிக் கம்பத்தில் ஆண்டெனாவைச் சென்னைப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்த காலம் அது. எல்லாம் 625 வரி முறைதான். பிறகு கேபிள் வந்தது. சேனல் பெருகியதே தவிர வரி பெருகவில்லை.

2010 அக்டோபரில் டெல்லியில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தபோது தூர்தர்ஷன் எச்.டி. ஒளிபரப்பைத் தொடங்கியது. தமிழில் சன் டி.வி. எச்.டி. 2011 டிசம்பரில் வந்தது. பிற தமிழ் நிறுவனங்கள் பிறகு சேர்ந்து கொண்டன. அதே 2011 செப்டம்பர் 2-இல்தான் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. சாதாரணக் குடும்பத்துக்கு அது பெரிய உதவி. 2017-இல் அந்த நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் செட்டாப் பாக்ஸ் இலவசமாக வழங்கப்பட்டது.

'டிஜிட்டல்' என்ற சொல்லைக் கேட்டதும் பலர் எச்.டி. வந்து விட்டது என்று நினைத்துக் கொண்டார்கள். இரண்டும் வேறு. டிஜிட்டல் என்பது அனுப்பும் முறை. எச்.டி. என்பது படத்தின் நுணுக்கம். டிஜிட்டல் செட்டாப் பாக்ஸில் எஸ்.டி. வருவது சகஜம். தனியார் கேபிள், டி.டி.எச். எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

காசு கொடுத்தும் எச்.டி. வராமல் போவது எப்படி?

எச்.டி. பெட்டி வாங்கி, எச்.டி. பேக்கேஜுக்குப் பணமும் கட்டி, பார்ப்பது மட்டும் எஸ்.டி.யாக இருப்பது பல இடங்களில் நடக்கிறது. காரணம் பெரும்பாலும் கீழ்க்கண்ட ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, வயர். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று முனை உள்ள வயரில் மஞ்சள்தான் படத்துக்கு உரியது. அதில் எஸ்.டி.க்கு மேல் போகாது. எச்.டி. செட்டாப் பாக்ஸை அந்த வயரில் மாட்டினால் எச்.டி. பணம் தண்டம். தட்டையான முனை உள்ள எச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும். விலை சில நூறு ரூபாய்தான்.

இரண்டு, பாக்ஸ். பாக்ஸ் எச்.டி. வகைதானா என்று பார்க்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. துளை இருப்பதாலேயே அது எச்.டி. பாக்ஸ் ஆகி விடாது. எஸ்.டி. பாக்ஸ் சிலவற்றிலும் அந்தத் துளை உண்டு. கேபிள்காரரிடம் நேராகக் கேட்டு விடுவது மேல்.

மூன்று, பாக்ஸின் மெனு. அதில் வெளியீட்டு அளவு 576 என்று இருந்தால் 1080 என்று மாற்ற வேண்டும்.

நான்கு, சேனல் எண். ஒரே சேனலின் எச்.டி. வடிவத்துக்கு வேறு எண் இருக்கும். பல வருடப் பழக்கத்தில் கை பழைய எண்ணையே அழுத்துகிறது. வீட்டுப் பெரியவர்களும் கடைப் பையன்களும் பழைய எண்ணையே போடுவார்கள். புது எண்ணை ஒரு சீட்டில் எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டி விட்டால் போதும்.

ஐந்து, நிகழ்ச்சி. சேனல் எச்.டி., ஆனால் ஓடும் நிகழ்ச்சி பழையது. 1990-களில் வீடியோ நாடாவில் பதிவான சீரியல், பேட்டி எல்லாம் 576 வரியில் பிறந்தவை. எச்.டி. சேனலில் போட்டாலும் நுணுக்கம் கூடாது. பழைய சினிமாவின் கதை வேறு. அது பிலிமில் எடுக்கப்பட்டது. பிலிமில் எஸ்.டி.யைவிட எத்தனையோ மடங்கு விவரம் இருக்கிறது. மூலப் பிலிமைப் பாதுகாத்து, திரும்பப் பதிவு செய்தால் புதுப்படம் போல் வரும். 1964-இல் வந்த 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் மீண்டும் தியேட்டர்களில் ஓடியதை நாம் பார்த்தோம். அறுபதுகளின் படம் தெளிவாகவும் தொண்ணூறுகளின் சீரியல் மங்கலாகவும் தெரிவதன் ரகசியம் இதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில் ஒரு எச்.டி. சேனல் இரண்டு எஸ்.டி. சேனலுக்குச் சமமாகக் கணக்கிடப்பட்டது. சேனலின் சொந்த விலையும் எச்.டி.க்குக் கூடுதல். ஒரே சேனலின் இரண்டு வடிவத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறவர்கள் பலர். மாத ரசீதை எடுத்துப் பார்த்து, ஏதாவது ஒன்றை நீக்கச் சொல்லலாம். கடைக்கு வரும் பில்லில் ஒரு ரூபாய் வித்தியாசத்தையும் பிடிக்கிற நாம் இந்த ரசீதைப் படிப்பதில்லை.

முகம் ஏன் குண்டாகத் தெரிகிறது?

பழைய படத்தின் வடிவம் நாலுக்கு மூன்று. புதுத் திரையின் வடிவம் பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தை இழுத்து முழுத் திரையில் நிரப்பினால் அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடி விடும். ஒல்லியான நடிகரும் பருமனாகத் தெரிவார். வட்டமான தட்டு முட்டை வடிவம் ஆகும்.

'ஜூம்' போட்டால் உருவம் சரியாக இருக்கும், ஆனால் மேலே எட்டில் ஒரு பங்கும் கீழே எட்டில் ஒரு பங்கும் வெட்டுப்படும். கீழே ஓடும் செய்தி வரி காணாமல் போவது இதனால்தான்.

சரியான வழி 4:3 என்ற அமைப்பில் வைத்து, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விடுவது. "காசு கொடுத்த திரை வீணாகிறதே" என்று தோன்றும். உண்மையில் 32 அங்குலப் பெட்டியில் அப்போது கிடைப்பது சுமார் 26 அங்குலப் படம். பழைய 21 அங்குலப் பெட்டியைவிட அது பெரியதுதான்.

ரிமோட்டில் இன்னும் இரண்டு மாற்றம் செய்யலாம். கடையில் வாங்கும்போது 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்ற அமைப்பில் இருக்கும். அதை 'ஸ்டாண்டர்ட்' ஆக்க வேண்டும். 'ஷார்ப்னெஸ்' என்பதைக் கூட்டினால் தெளிவு வரும் என்று பலர் கூட்டுகிறார்கள். எஸ்.டி. படத்தில் அது இல்லாத நுணுக்கத்தைக் கொண்டு வராது. எழுத்தையும் முகத்தையும் சுற்றி வெள்ளைக் கோடு போட்டுக் கட்டத்தை எடுத்துக் காட்டும். அதைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும்.

கடைக்கு டி.வி. வாங்குவோருக்கு

ஒரு மளிகைக் கடை என்று வைத்துக் கொள்வோம். கல்லாவுக்கு எதிர்ச் சுவரில் டி.வி. தூரம் ஆறு அடி. இணைப்பு சாதாரண எஸ்.டி. நான்கால் வகுக்கும் கணக்குப்படி இங்கே 24 அங்குலம் சரியான அளவு. 43 அங்குலம் வாங்கினால் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு மங்கலான படம்தான் கிடைக்கும். எச்.டி. இணைப்பும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் பெரிய பெட்டிக்குப் பொருள் உண்டு. அப்போது மாதாமாதம் கூடும் கட்டணத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, பெட்டியின் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து வருடம் ஓடும் பெட்டி என்றால் அறுபதால் பெருக்க வேண்டும். அதுதான் உண்மையான அடக்க விலை.

இண்டர்நெட் வழியாகப் பார்ப்பவர்களுக்கும் இதே பாடம்தான். லைன் மெதுவானால் படம் தானாகவே 480 வரிக்கு இறங்கி விடும். பெட்டி 4 கே என்பதால் மட்டும் வருவது 4 கே ஆகாது.

டி.வி. விற்கும் உறுப்பினர்களுக்கு

கடையில் மாட்டியிருக்கும் டி.வி.யில் எல்லோரும் 4 கே மாதிரிப் படம் ஓட விடுகிறோம். கடலடி மீன், பூந்தோட்டம், பனிமலை. அதில் தவறில்லை. பெட்டியின் திறமையைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் வீட்டில் பார்க்கப் போவது கடலடி மீன் அல்ல. இரவு எட்டு மணி சீரியல்.

எனவே மூன்று கேள்வி கேட்ட பிறகு பெட்டியைக் காட்டுவது நலம். வீட்டில் என்ன இணைப்பு? எஸ்.டி.யா எச்.டி.யா? உட்காரும் தூரம் எத்தனை அடி? இந்த மூன்றும் தெரிந்தால் சரியான அளவைச் சொல்லி விடலாம். கடையிலேயே ஒரு சாதாரண எஸ்.டி. கேபிள் இணைப்பை வைத்து, அதையும் ஒரு நிமிடம் போட்டுக் காட்டுங்கள். "உங்கள் கேபிளில் இப்படித்தான் இருக்கும், எச்.டி. எடுத்தால் இப்படி இருக்கும்" என்று சொல்லி விற்ற பெட்டி திரும்பி வராது. சில சமயம் 55 கேட்டு வந்தவர் 43 வாங்கிப் போவார். அன்றைக்கு லாபம் குறையும். அவர் தம்பியும் மைத்துனரும் நம் கடைக்கு வருவார்கள்.

பில்லிலும் வார்த்தை சுத்தம் வேண்டும். எச்.டி. ரெடி வேறு, முழு எச்.டி. வேறு. 1366-க்கு 768 பெட்டியை வாய்ப்பேச்சில் 'ஃபுல் எச்.டி.' என்று சொல்லி விற்பது எடைக்கல்லில் ஓட்டை போடுவதற்குச் சமம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு பொருளின் தரம் குறித்துப் பொய்யாகச் சொல்வது நியாயமற்ற வணிக நடைமுறை. சட்டம் ஒரு பக்கம். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் பெரிய ஷோரூம்கள் வந்து விட்ட நாளில், உள்ளூர்க் கடைக்கு இருக்கும் ஒரே முதல் 'அண்ணாச்சி சொன்னால் சரியாக இருக்கும்' என்ற பேச்சுதான். அதை ஒரு பெட்டிக்காக இழக்கக் கூடாது.

விளம்பரம் கொடுப்போருக்கு

ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று உள்ளூர் கேபிளில் விளம்பரம் கொடுக்கும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். விளம்பரம் தயாரிப்பவர் கம்ப்யூட்டரில் காட்டும்போது பளிச்சென்று இருக்கும். வீட்டுக்குப் போவது 576 வரியில், அமுக்கிய வடிவத்தில். தமிழ் எழுத்தில் கொம்பு, சுழி, மேற்புள்ளி எல்லாம் உண்டு. எழுத்து சிறியதானால் மேற்புள்ளி முதலில் மறையும். பெயரே மாறிப் போகும்.

ஆகவே எழுத்தின் உயரம் திரை உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். போன் நம்பரையும் முகவரியையும் திரையின் அடி விளிம்பில் போடச் சொல்லாதீர்கள். ஜூம் போட்டுப் பார்க்கும் வீட்டில் அது வெட்டுப்பட்டு விடும். எட்டில் ஒரு பங்கு மேலே தள்ளிப் போட வேண்டும். சிவப்புப் பின்னணியில் நீல எழுத்து வேண்டாம். எஸ்.டி.யில் நிறத்தின் நுணுக்கம் வெளிச்சத்தின் நுணுக்கத்தைவிடக் குறைவு. அதனால் ஓரம் கசியும். கரும்பின்னணியில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து நிற்கும். ஒரு திரையில் இருபது சாமான் விலை போடுவதைவிட நான்கு சாமான் விலை போடுவது மேல். பணம் கட்டும் முன், ஓடப் போகும் விளம்பரத்தை ஒரு சாதாரண வீட்டு டி.வி.யில் கேபிள் வழியாகவே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வரிசை மாறாமல் சோதிக்க

புது டி.வி.யில் படம் சரியில்லை என்று யார் சொன்னாலும், பெட்டியைக் கழற்றும் முன் இந்த வரிசையில் பார்க்கவும்.

1. ஓடும் நிகழ்ச்சி புதியதா, பழையதா?
2. சேனல் எண் எச்.டி.க்கு உரியதா?
3. அந்த எச்.டி. சேனல் பேக்கேஜில் இருக்கிறதா?
4. செட்டாப் பாக்ஸ் எச்.டி. வகைதானா? மெனுவில் 1080 இருக்கிறதா?
5. எச்.டி.எம்.ஐ. வயர் மாட்டியிருக்கிறதா?
6. திரை அமைப்பு, ஷார்ப்னெஸ் சரியாக இருக்கிறதா?
7. உட்காரும் தூரம் போதுமா?

ஏழும் சரியாக இருந்தும் படம் மோசம் என்றால் அப்போது பெட்டியைச் சந்தேகிக்கலாம். ஒரு பென் டிரைவில் நல்ல எச்.டி. படம் ஒன்றை ஏற்றி நேராக டி.வி.யில் போட்டால் அதற்கும் விடை கிடைத்து விடும். அது தெளிவாகத் தெரிந்தால் பெட்டி மேல் குற்றமில்லை. அதுவும் மங்கலாக இருந்தால் கியாரண்டி கார்டை எடுக்க வேண்டியதுதான்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். டி.வி. அகப்பை. சேனலும் இணைப்பும் சட்டி. அகப்பையைப் பெரிதாக வாங்குகிற நாளில் சட்டியையும் ஒரு தடவை எட்டிப் பார்த்து விட வேண்டும். வாங்கும்போது இதைப் பார்த்தால் நம் பணம் மிஞ்சும். விற்கும்போது இதைச் சொன்னால் நம் பெயர் மிஞ்சும்.